கசடதபற வளையத்தில் ஒரு கடிகாரச் சுழல்

ஒளியிழை அறுந்தால் சில நொடிகளில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். திரையில் சிவப்பு ஏறும், எச்சரிக்கை ஒலிக்கும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து அழைப்பு வரும். கருவிகளை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் கடிகாரம் பிசகினால் இதில் ஒன்றும் நடப்பதில்லை. போக்குவரத்து தடையில்லாமல் ஓடும். எங்கோ ஒருவருக்குப் பேச்சின் நடுவே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், வேறொருவர் அனுப்பிய ஃபேக்ஸ் பாதிப் பக்கத்தில் நின்றுபோகும், ஒரு மோடம் காரணமில்லாமல் இணைப்பை இழந்து மறுபடி இணையும். சிதறிக் கிடக்கும் இந்தப் புகார்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் வரை பழுது என்றே யாரும் எண்ண மாட்டார்கள். எங்கள் ஒளியிழை வளையத்தில் அப்படி வந்த ஒரு பழுதை, தேடிய வரிசையிலேயே இங்கே எழுதிவைக்கிறேன். எஸ்.டி.ஹெச். என்னும் ஒளியிழை அனுப்பீட்டு முறைக் கருவிகளை இன்னும் பராமரிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும். பாக்கெட் வலையமைப்புக்கு மாறிவிட்டவர்களுக்கும் உதவும், ஏனென்றால் அங்கே பெயர்கள்தான் வேறு.

வளையம் எஸ்.டி.எம்.-16 வகை, நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட். நிலையங்கள் ஆறு. உண்மைப் பெயர்களுக்குப் பதிலாக வல்லின எழுத்துகளை வரிசையாக வைத்துக்கொள்கிறேன்: க, ச, ட, த, ப, ற. ற-வுக்கு அடுத்தது மறுபடியும் க. முதன்மைக் கடிகாரம் க நிலையத்தில் இருக்கிறது. அங்கிருந்து நேரம் ச, ட, த, ப, ற என்று ஒரே திசையில் கைமாறிப் போக வேண்டும். ஒவ்வொரு நிலையமும் தனக்கு முந்தைய நிலையத்திலிருந்து வரும் ஒளியில் இருந்தே கடிகாரத்தைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. அந்தப் பக்கத்து ஒளி நின்றுபோனால் எதிர்ப்பக்கம் இரண்டாம் விருப்பம். ப நிலையத்தில் ஒரு தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது. அது தன் கடிகாரத்தை எங்கள் கருவியின் 2.048 மெகாஹெர்ட்ஸ் வெளியீட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

புகார் அந்த எக்ஸ்சேஞ்சிலிருந்துதான் வந்தது. ‘சார், க-விலிருந்து வரும் ஈ-1 எல்லாவற்றிலும் ஸ்லிப் ஏறிக்கொண்டே போகிறது, வேறு ஒரு பிழையும் இல்லை’ என்றார் அங்கிருந்த நண்பர். அவர் சொன்ன ‘வேறு ஒரு பிழையும் இல்லை’ என்பதுதான் எனக்கு முதல் துப்பு.

ஸ்லிப் என்பது என்ன என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறேன். ஈ-1 இணைப்பு நொடிக்கு 2.048 மெகாபிட் வேகத்தில், 125 மைக்ரோ நொடிக்கு ஒரு ஃபிரேம் (தரவுக் கட்டு) வீதம் வருகிறது. எக்ஸ்சேஞ்ச் அதை ஒரு பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) வாங்கி, தன் சொந்தக் கடிகாரத்தின் வேகத்தில் வெளியே எடுக்கிறது. வருகிற வேகமும் எடுக்கிற வேகமும் ஒன்றாக இருந்தால் சிக்கல் இல்லை. எடுப்பது மெதுவாக இருந்தால் பஃபர் நிரம்பி வழியும், அப்போது ஒரு முழு ஃபிரேம் தூக்கி எறியப்படும். எடுப்பது வேகமாக இருந்தால் பஃபர் காலியாகி, பழைய ஃபிரேமே மறுபடி படிக்கப்படும். இரண்டையும் ஸ்லிப் என்கிறோம். இதில் கணக்கு மிக எளிது. 125 மைக்ரோ நொடியை இரண்டு கடிகாரங்களின் வேக வேறுபாட்டால் வகுத்தால், இரண்டு ஸ்லிப்புகளுக்கு இடையே எத்தனை நொடி என்று வந்துவிடும்.

சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் தரநிலைப் பிரிவான ஐ.டி.யூ.-டி.யின் ஜி.811 பரிந்துரைப்படி முதன்மைக் கடிகாரத்தின் பிழை பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட இரண்டு கடிகாரங்கள் எதிரெதிர்த் திசையில் முழுப் பிழையோடு ஓடினாலும் ஒரு ஸ்லிப் விழ 72 நாள் ஆகும். ஜி.822 சொல்லும் எல்லை, பெரும்பாலான காலத்துக்கு, 24 மணி நேரத்தில் 5 ஸ்லிப். ப எக்ஸ்சேஞ்சின் பதிவில் தொடக்கத்தில் 70 நிமிடத்துக்கு ஒன்று, பிறகு 40 நிமிடத்துக்கு ஒன்று, நாங்கள் பார்க்கப் போன நேரத்தில் 21 நிமிடத்துக்கு ஒன்று என்று விழுந்துகொண்டிருந்தது. 21 நிமிடம் என்றால் வேக வேறுபாடு ஒரு கோடியில் ஒரு பங்கு. 40 நிமிடம் என்றால் அதில் ஏறத்தாழப் பாதி.

இந்த மூன்று எண்களை நான் பெரிதாக எடுத்துக்கொண்டேன். கடிகாரமே கிடைக்காமல் தன் படிகத்தில் தனித்து ஓடும் கருவியின் பிழை பெரிதாக இருக்கலாம், ஜி.813 அதற்குப் பத்து லட்சத்தில் 4.6 பங்கு வரை இடம் கொடுக்கிறது. அந்த எல்லையில் ஓடினால் 27 நொடிக்கு ஒரு ஸ்லிப் விழும். ஆனால் அந்தப் பிழை கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். இங்கே பிழை சிறியது, ஆனால் நிற்காமல் வளர்கிறது. யாரோ மெல்ல மெல்ல விலகிக்கொண்டிருக்கிறார்கள், விலகுவது அவர்களுக்கே தெரியவில்லை.

ஒளி அனுப்பீட்டுப் பக்கம் வழக்கமான சோதனைகளை முடித்தேன். ஒளியளவு எல்லாப் பிரிவிலும் எல்லைக்குள். பி-1, பி-2 பிழை எண்ணிகள் சுழியம். க-விலிருந்து ப வரை ஒரு ஈ-1-ஐத் தனியாகப் பிரித்து, ப-வில் திருப்பிவிட்டு, க-வில் பிழைச் சோதனைக் கருவியை இரவு முழுக்க ஓடவிட்டிருந்தார்கள். ஒரு பிட்கூடப் பிசகவில்லை. இந்தச் சோதனையின் முடிவைக் காட்டி ‘எங்கள் பக்கம் சரி’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. அது தவறான முடிவு. எஸ்.டி.ஹெச். வலையமைப்பு ஈ-1-ஐ அதன் சொந்த வேகத்தோடு சேர்த்துச் சுமந்து போகிறது. க-வில் புறப்பட்ட வேகத்திலேயே அது ப-வில் இறங்கும், அதே வேகத்தில் திரும்பியும் வரும். சோதனைக் கருவி தன் கடிகாரத்தில் அனுப்பியதைத் தானே வாங்கிப் பார்ப்பதால், நடுவில் உள்ள நிலையங்களின் கடிகாரம் இந்த அளவுக்கு விலகியிருந்தாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. ஸ்லிப் விழுவது எக்ஸ்சேஞ்சின் பஃபரில். அங்கேதான் க-வின் வேகமும் ப-வின் வேகமும் நேருக்கு நேர் சந்திக்கின்றன.

ஆக, சந்தேகம் ப-வின் கடிகாரத்தின் மேல் விழுந்தது. மேலாண்மைத் திரையைத் திறந்தால் ப: ‘பூட்டப்பட்டது, தரம் ஜி.811’. த: அதே. ட: அதே. ற: அதே. ஆறு நிலையமும் பச்சை.

பாயிண்டர் எண்ணிகள்

திரை நிறைவளித்தாலும் பாயிண்டர் எண்ணிகள் பொய் சொல்வதில்லை. இந்தத் தொழிலில் நான் மிகவும் நம்புகிற அளவீடு இதுதான், ஆனால் பெரும்பாலோர் திறந்து பார்க்காத பக்கமும் இதுதான்.

எஸ்.டி.ஹெச். ஃபிரேமுக்குள் சரக்கு, அதாவது அது சுமந்து போகும் தரவு, ஒரே இடத்தில் கட்டிப்போடப்படுவதில்லை. அது எங்கே தொடங்குகிறது என்பதை எச்-1, எச்-2 பைட்டுகள் 0 முதல் 782 வரையிலான ஓர் எண்ணாகச் சொல்கின்றன, அதுவே பாயிண்டர். சரக்கின் வேகமும் ஃபிரேமின் வேகமும் சற்று மாறுபட்டால், அந்த எண் ஒன்று கூடும் அல்லது ஒன்று குறையும். ஃபிரேம் மெதுவாகவும் சரக்கு வேகமாகவும் இருந்தால் மிஞ்சும் 3 பைட்டுகள் எச்-3 இடத்தில் ஏறிக்கொள்ளும், அது எதிர்மறை நகர்வு. ஃபிரேம் வேகமாக இருந்தால் 3 பைட் இடம் வெற்றாக விடப்படும், அது நேர்மறை நகர்வு. ஏ.யூ.-4 என்னும் இந்த நிலையில் ஒரு நகர்வு என்பது 125 மைக்ரோ நொடியில் 783-இல் ஒரு பங்கு, அதாவது சுமார் 160 நானோ நொடி. வேக வேறுபாடு ஒரு கோடியில் ஒரு பங்கு என்றால் ஒவ்வொரு நொடியும் 100 நானோ நொடி சேரும். 15 நிமிடத்தில் 560-ஐ ஒட்டிய நகர்வுகள் விழ வேண்டும்.

த நிலையத்தின் 15 நிமிடக் கட்டங்களைத் திறந்தேன். எதிர்மறை 560-ஐச் சுற்றி. நேர்மறை சுழியம். முந்தைய பதிவுகளில் அதே எண் 290-ஐ ஒட்டியும், அதற்கு முன் 170-ஐ ஒட்டியும் இருந்தது. எக்ஸ்சேஞ்சின் ஸ்லிப் இடைவெளியும் ஒளிக் கருவியின் பாயிண்டர் எண்ணிக்கையும் தனித்தனி இயந்திரங்களில், தனித்தனி ஆட்களால் எடுக்கப்பட்டவை. இரண்டும் ஒரே விகிதத்தைச் சொல்லின. அதற்குப் பிறகு எக்ஸ்சேஞ்சின் கார்டைச் சந்தேகிக்க இடமில்லை.

நேர்மறையும் எதிர்மறையும் கலந்து சம அளவில் வந்திருந்தால், கடிகாரம் சராசரியில் சரியாக இருந்து முன்னும் பின்னும் தள்ளாடுகிறது என்று பொருள். 10 ஹெர்ட்ஸுக்குக் கீழான அந்த மெதுவான தள்ளாட்டத்தை வாண்டர் என்பார்கள். வெப்ப ஏற்றத்தாழ்வில் இழையின் நீளம் மாறுவதுகூட அதற்குக் காரணமாகலாம். ஒரே குறி மட்டும் விடாமல் வந்தால் அது வேக வேறுபாடு. இங்கே ஐயத்துக்கே வழியில்லை.

அடுத்தது, எங்கே? ஒவ்வொரு நிலையத்திலும் ‘வந்தது’, ‘போனது’ என்று இரண்டு எண்ணிகளையும் எடுத்து ஒரு தாளில் எழுதினேன். ச-வில் பிறந்து ட, த வழியாக ப-வில் இறங்கும் வி.சி.-4 (ஒரு சரக்குத் தொகுதி) ஒன்றைப் பின்தொடர்ந்தேன். ட-வுக்குள் வரும்போது நகர்வு சுழியம். ட-விலிருந்து வெளியே போகும்போது 560. த-வில் வந்ததும் 560, போனதும் 560. மறுபக்கம், க-வில் பிறந்து ற வழியாக ப-வுக்கு வரும் இன்னொன்று: ற-வுக்குள் வரும்போது சுழியம், வெளியே போகும்போது 560. இரு பக்கமும் தெளிந்து வந்து கலங்கிப் போகிறது. ப-வில் பிறந்து க-வைக் கடந்து அடுத்த வளையத்துக்குப் போகும் வி.சி.-4-ஐப் பார்த்தால் க-விலிருந்து வெளியேறும்போது 560, ஆனால் நேர்மறை. மெதுவான தீவில் பிறந்த சரக்கு, வேகம் சரியாக உள்ள நிலத்தில் கால் வைக்கும்போது குறி மாறத்தான் வேண்டும்.

எல்லைக் கோடுகள் இப்போது தெளிவாக விழுந்தன. க, ச இரண்டும் ஒரு நேரத்தில் ஓடுகின்றன. ட, த, ப, ற நான்கும் வேறொரு நேரத்தில் ஓடுகின்றன, அதுவும் தங்களுக்குள் மிக ஒற்றுமையாக.

கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ப நிலையத்துக்கு ஓர் அலைக்காட்டியையும், செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் கையடக்க ஆதாரக் கடிகாரத்தையும் கொண்டுபோனேன். ஆதாரத்தின் 2.048 மெகாஹெர்ட்ஸை முதல் வழியில் கொடுத்து அதிலேயே டிரிகர் வைத்தேன். கருவியின் 2.048 மெகாஹெர்ட்ஸ் வெளியீட்டை 75 ஓம் முடிப்போடு இரண்டாம் வழியில் கொடுத்தேன். முடிப்பு போடாவிட்டால் அலையின் விளிம்பு நடுங்கும், எதைப் பார்க்கிறோம் என்றே தெரியாது. முதல் அலை அசையாமல் நின்றது. இரண்டாம் அலை அதன் கீழே வலப்பக்கமாக நகர்ந்துகொண்டே போனது. ஓர் அலையின் நீளம் 488 நானோ நொடி. அந்த முழு நீளம் கடக்க ஐந்து நொடிக்குச் சற்றுக் குறைவாக எடுத்தது. மறுபடியும் அதே ஒரு கோடியில் ஒரு பங்கு. பல லட்சம் பெறும் அளவீட்டுக் கருவி இல்லாமலேயே, ஒரு கைக்கடிகாரத்தை வைத்து எண்ணக்கூடிய அளவில் அந்த விலகல் கண்முன் நகர்ந்தது. கூட நின்ற இளம் பொறியாளர்கள் வெகுநேரம் திரையை விட்டு விலகவில்லை.

வேர் சரிதானா என்பதையும் பார்த்துக்கொண்டேன். முதன்மைக் கடிகாரமே தவறுவது அரிது, ஆனால் நடக்காத ஒன்றல்ல. 2016 ஜனவரி 26 அன்று, ஒரு பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோளைப் பணியிலிருந்து விலக்கியபோது, வேறு பல செயற்கைக்கோள்கள் 13.7 மைக்ரோ நொடி பிழையான யு.டி.சி. (உலகப் பொது நேரம்) திருத்தத்தை ஒலிபரப்பின. அதை அப்படியே நம்பிய கருவிகள் பல மணி நேரம் தடுமாறின. அதனால் க-வை, செயற்கைக்கோளையே சாராமல் ஓடும் சீசியம் அணுக்கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். க சரியாக இருந்தது.

அம்புக்குறிப் படம்

இனி கேள்வி ஒன்றுதான்: அந்த நான்கு நிலையங்களும் யாரைப் பார்த்து ஓடுகின்றன? ‘பூட்டப்பட்டது’ என்ற சொல், யாரோ ஒருவரைப் பின்பற்றுகிறது என்பதை மட்டும் சொல்கிறது. பின்பற்றப்படுபவர் யாரைப் பின்பற்றுகிறார் என்பதை எந்தத் திரையும் சொல்லவில்லை. ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிப் பக்கம், ஒவ்வொரு பக்கத்திலும் ‘தேர்ந்தெடுத்த மூலம்’ என்று ஒரு வரி. ஆறு பக்கங்களையும் திறந்து அந்த வரியை மட்டும் எடுத்து, தாளில் அம்புக்குறியாகப் போட்டேன்.

ச எடுப்பது க-விலிருந்து. ற எடுப்பது ப-விலிருந்து. ப எடுப்பது த-விலிருந்து. த எடுப்பது ட-விலிருந்து. ட எடுப்பது த-விலிருந்து.

ட-வும் த-வும் ஒருவரிடமிருந்து ஒருவர். கை ஓடாமல் நின்றேன். இரண்டு பேர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து மற்றவர் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டே இருந்தால், இருவருக்கும் எப்போதும் ஒரே மணிதான் காட்டும். அது சரியான மணியா என்று கேட்க மூன்றாமவர் வேண்டும். அந்த இருவரைப் பார்த்து ப-வும், ப-வைப் பார்த்து ற-வும் ஓடிக்கொண்டிருந்தன. ட-வின் சிறு பிழையை த பின்பற்றும், த சேர்த்த சிறு பிழையை ட பின்பற்றும், இழுத்துப் பிடிக்க நங்கூரம் இல்லாததால் வேகம் ஒரு பக்கமாக ஊர்ந்துகொண்டே போகும். 170, 290, 560 என்று எண் வளர்ந்ததற்கு விளக்கம் கிடைத்துவிட்டது.

இப்படிப்பட்ட கடிகாரச் சுழல் வராமல் தடுக்கத்தான் ஃபிரேமோடு போகும் எஸ்-1 பைட்டில் தரச் செய்தி இருக்கிறது. முதன்மைக் கடிகாரத்திலிருந்து வந்த நேரம் என்றால் அதில் 2 இருக்கும். கருவி தன் சொந்தப் படிகத்தில் ஓடினால் 11. யாரிடமிருந்து நேரத்தை எடுக்கிறோமோ அவருக்குத் திருப்பி அனுப்பும் பைட்டில் 15, அதாவது ‘என்னைப் பயன்படுத்தாதே, நானே உன்னைப் பார்த்துத்தான் ஓடுகிறேன்’. விதி இவ்வளவு எளிமையாக இருக்கும்போது சுழல் எப்படி உருவானது?

ட–த பிரிவில் எஸ்-1-ஐ இரு திசையிலும் படித்தேன். த-விலிருந்து ட-வுக்கு 2. ட-விலிருந்து த-வுக்கு 15. இதை மட்டும் பார்த்தால் நலமான இணைப்பு: ட, த-விடமிருந்து எடுக்கிறது, முறைப்படி 15 திருப்பி அனுப்புகிறது. ஆனால் ‘பயன்படுத்தாதே’ என்று சொல்லும் அதே வாயிலைத்தான் த தன் மூலமாக வைத்திருக்கிறது. த-வின் அந்தக் கார்டின் அமைப்பைத் திறந்தபோது விடை கிடைத்தது. வரும் தரச் செய்தியைப் படிக்கும் வசதி அணைக்கப்பட்டு, கையால் கொடுத்த நிலையான மதிப்பு 2 என்று இருந்தது. அந்த நிலையில் அந்தக் கருவி, திருப்பி அனுப்பும் பைட்டிலும் 15 வைக்காமல் 2-ஐயே அனுப்பும். எப்போதோ கார்டு மாற்றியபோது பழைய அமைப்பு புதிய கார்டில் ஏறாமல் விட்டுப்போயிருக்கிறது.

இது நெடுநாள் தூங்கிக்கொண்டிருந்த பழுது. ட-வுக்கு ச-விலிருந்து நேரம் ஒழுங்காக வந்தவரை, த தவறாக அனுப்பிய 2-ஐ ட சட்டை செய்யவில்லை. ச–ட இடையே ஒருநாள் இழை அறுந்தது. போக்குவரத்து 50 மில்லி நொடிக்குள் மறுபக்கம் திரும்பியது, யாருக்கும் பாதிப்பில்லை. ட மட்டும் நேரத்துக்காகச் சுற்றிப் பார்த்தது, த ‘என்னிடம் 2 இருக்கிறது’ என்றது, ட அதை நம்பியது. சுழல் மூடிக்கொண்டது. இழையை ஒட்டிய பின்னும் அது அவிழவில்லை, ஏனென்றால் ட-வின் கடிகாரம் பழைய மூலத்துக்குத் தானாகத் திரும்பாத முறையில் அமைக்கப்பட்டிருந்தது. இரு பக்கமும் தரம் 2 என்று காட்டும்போது, இருப்பதை விட்டு மாற அதற்குக் காரணமில்லை.

எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது வேறொன்று. தரம் குறைந்தால் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் கடிகார வெளியீட்டை அடைத்துவிடும் காப்பு ப-வில் இருக்கிறது. அடைத்திருந்தால் எக்ஸ்சேஞ்ச் தன் உள்கடிகாரத்தின் நினைவில், அதாவது கடைசியாகப் பிடித்துவைத்த வேகத்தில், இதைவிட எவ்வளவோ நன்றாக ஓடியிருக்கும். தரம் 2 என்றே செய்தி வந்ததால் அந்தக் காப்பும் வாய்மூடி நின்றது.

அவிழ்த்த விதம்

இங்கே வரிசை முக்கியம். த-வின் வாயிலில் தரச் செய்தியை நேராகப் போய் இயக்கிவிட்டால், அது உடனே 15-ஐப் படித்து மூலத்தைக் கைவிடும். மறுபக்கம் ப-வும் அதற்கு 15-தான் சொல்லும். த தற்காலிகமாகத் தன் நினைவில் ஓடத் தொடங்கி, ப-வுக்கும் ற-வுக்கும் 11 பரவி, நான்கு நிலையங்களும் ஒரே நேரத்தில் மூலம் தேடி அலையும். கடைசியில் எல்லாம் சரியாகிவிடும் என்றாலும் அத்தனை அசைவு தேவையில்லை.

அதனால் முதலில் ட-வை மட்டும் கையால் ச-வுக்கு மாற்றினேன். மாற்றுவதற்கு முன் ச-விலிருந்து வரும் எஸ்-1 உண்மையிலேயே 2 என்பதையும், ச-வின் மூலம் க என்பதையும் இன்னொரு முறை பார்த்துக்கொண்டேன். ட இழுபட்டு நேரானது, அதைப் பின்பற்றி த, ப, ற. தங்கள் மூலத்தை அவை மாற்றிக்கொள்ளவே இல்லை. அடுத்த 15 நிமிடக் கட்டத்தில் பாயிண்டர் எண் இரண்டிலக்கத்துக்கு இறங்கியது, அதற்கடுத்ததில் சுழியம். ப-வில் அலைக்காட்டியின் கீழ் அலை மேல் அலைக்கு நேராக வந்து நின்றுகொண்டது.

பிறகுதான் த-வின் வாயிலுக்குப் போனேன். இப்போது ட உண்மையாகவே 2 அனுப்புகிறது. படிக்கும் வசதியை இயக்கியபோது த-வின் தேர்வில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது ஒன்றுதான்: த-விலிருந்து ட-வுக்குப் போகும் எஸ்-1, 2-லிருந்து 15 ஆனது. கடைசியாக ட-வைத் தானாகத் திரும்பும் முறைக்கு மாற்றி, திரும்பும் முன் காத்திருக்கும் நேரத்தை வழக்கமான 5 நிமிடமாக வைத்தேன். மற்ற நிலையங்களின் எல்லா வாயில்களிலும் அதே அமைப்பு இருக்கிறதா என்று ஒப்பிட்டோம்.

அமைப்பைத் திருத்தியதோடு வேலையை முடிக்க மனம் ஒப்பவில்லை. முன் அனுமதி பெற்று, நள்ளிரவில் ச-விலிருந்து ட-வுக்குப் போகும் லேசரை அணைத்தோம். பார்க்க அருமையான காட்சி அது. ட நேரத்தை இழந்து 11 அனுப்புகிறது. த அதைப் படித்து 11 என்கிறது, ப-வும் 11. ற-வுக்கு ஒரு பக்கம் 11, மறுபக்கம் க-விடமிருந்து 2. ற உடனே க-வின் பக்கம் திரும்பி, ப-வுக்கு 2 அனுப்புகிறது. ப திரும்புகிறது, த திரும்புகிறது, கடைசியாக ட. அம்புகள் ஒவ்வொன்றாகத் திசை மாறி, எல்லாம் மறுபடி க-வில் போய் முடிந்தன. பாயிண்டர் எண்ணிகளில் ஓரிரு நகர்வுகள் மட்டும். எக்ஸ்சேஞ்சில் ஸ்லிப் இல்லை. லேசரை இயக்கினோம். காத்திருப்பு நேரம் முடிந்ததும் அம்புகள் பழைய திசைக்குத் திரும்பின.

அந்த அம்புக்குறிப் படம் இப்போது எங்கள் சோதனைப் படிவத்தில் ஒரு பக்கம். ஆறு நிலைய வளையத்தில் நேரம் கைமாறும் பிரிவுகள் சரியாக ஐந்து இருக்க வேண்டும், பயன்படாத பிரிவு ஒன்று மட்டும். பழுதின்போது பயன்பட்டவை நான்கு, சும்மா கிடந்தவை ச–ட, ற–க என இரண்டு. பைட்டுகளைப் படிக்கத் தெரியாதவர்கூட இந்த எண்ணிக்கையை வைத்துச் சுழலைப் பிடித்துவிடலாம்.

பாக்கெட் வந்த பிறகு

அதே வளையத்தில் பிற்பாடு ஈதர்நெட் கருவிகள் ஏறின. எஸ்-1 பைட்டின் வேலையை இப்போது நொடிக்கு ஒரு முறை போகும் இ.எஸ்.எம்.சி. செய்தி செய்கிறது. ஐந்து நொடி வரை அது வராவிட்டால் அந்த மூலம் தோற்றதாகக் கொள்ளப்படும். அம்புக்குறிப் படம் ஒரு மாற்றமும் இல்லாமல் அங்கேயும் பொருந்துகிறது. புதிதாக வந்தது, வேகம் சரியாக இருந்தாலும் மணி தவறக்கூடும் என்ற சிக்கல். ஒரே அலைவரிசையில் மாறி மாறி அனுப்பியும் பெற்றும் இயங்கும் செல்பேசிக் கோபுரங்களுக்கு நேரம் ±1.5 மைக்ரோ நொடிக்குள் இருக்க வேண்டும். நேரத்தைப் பாக்கெட்டுகளில் அனுப்பும் ஐ.இ.இ.இ. 1588 நெறிமுறை, போகும் தாமதமும் வரும் தாமதமும் சமம் என்று வைத்துக்கொண்டு அதைக் கணக்கிடுகிறது. சமமாக இல்லாவிட்டால் வேறுபாட்டில் பாதி அப்படியே பிழையாகிவிடும்.

த–ப இடையே ஒரு முறை இழை ஒட்டிய பிறகு, ப-வின் நொடித் துடிப்பு (நொடிக்கு ஒரு முறை வரும் நேரக்குறி) ஆதாரத்துக்கு 258 நானோ நொடி பின்தங்கியது. எச்சரிக்கை ஏதுமில்லை. ஜோடியில் ஒன்று கெட்டிருந்ததால் அதை மட்டும் உபரி இழைக்கு மாற்றியிருந்தார்கள். எஸ்.டி.ஹெச். காலத்தில் இது கவலைப்பட வேண்டிய செய்தியே இல்லை, ஏனெனில் நிலையான தாமதம் வேகத்தைக் கெடுக்காது.

கண்டுபிடிக்க எளிய வழி இரு முனையிலும் இழைகளை இடம் மாற்றிப் போடுவது. மாற்றினோம். 258 பின்னால் இருந்தது 232 முன்னால் வந்தது. மொத்தம் 490 நானோ நொடி புரண்டது. ஒளி கண்ணாடி இழையில் ஒரு மீட்டர் கடக்க 4.9 நானோ நொடி எடுக்கும். ஆகவே ஓர் இழை மற்றதைவிட 100 மீட்டர் நீளம். ஒளித்துடிப்பால் இழையின் நீளத்தை அளக்கும் ஓ.டி.டி.ஆர். வைத்து இரண்டையும் தனித்தனியே அளந்தபோது அதே 100 மீட்டர் வந்தது. உபரி இழை வழியில் ஒரு மூட்டுப் பெட்டியில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. இந்த இடமாற்றச் சோதனையில் எனக்குப் பிடித்த அம்சம், இரண்டு அளவீடுகளின் நடுப்புள்ளி. 258-க்கும் 232-க்கும் நடுவே, பின்னால் 13. இழையின் குற்றத்தைக் கழித்தபின் மிச்சமுள்ள வலையமைப்பின் பிழை அது. இரண்டையும் ஒரே சோதனை பிரித்துக் கொடுத்துவிடுகிறது.

இழைகளைப் பழையபடி போட்டு, ப-வின் வாயிலில் சமனின்மைத் திருத்தத்தை உள்ளிட்டோம். இங்கே கவனம் தேவை. நெறிமுறையின் வரையறைப்படி உள்ளிட வேண்டியது வேறுபாட்டில் பாதி, 245. சில கருவிகள் முழு வேறுபாட்டையே கேட்கும். குறி தலைகீழாகப் போனால் பிழை மறைவதற்குப் பதில் 503-ஆக ஏறும். அதனால் உள்ளிட்டதும் நொடித் துடிப்பை மறுபடி அளக்காமல் நிலையத்தை விட்டுக் கிளம்புவதில்லை. அளக்கும் ஆதாரத்தின் ஆன்டெனா கேபிளும் மீட்டருக்கு 4 முதல் 5 நானோ நொடி வரை தின்னும், அதன் நீளத்தை ரிசீவரில் கொடுத்திருக்க வேண்டும். எங்கள் அளவீட்டில் ப 13 நானோ நொடி பின்னால் வந்து நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டோம்.

இப்போது இழை ஒட்டும் குழுவிடமிருந்து, இழப்பு அளவோடு இரு இழைகளின் நீளத்தையும் தனித்தனியே எழுதி வாங்குகிறோம். வேறுபாடு 20 மீட்டரைத் தாண்டினால், அதாவது பிழை 49 நானோ நொடியைத் தாண்டக்கூடும் என்றால், அன்றே ஆதாரக் கடிகாரத்தோடு ஒருவர் அந்த நிலையத்துக்குப் போகிறார்.